முகப்புப் படம்

அத்தான் வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதுமே, இது கடைசியில் தன் தலையில்தான் வந்து விடியப்போகிறது என்று சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் பிழைப்பு வெப்சைட் செய்து கொடுப்பது. பல் டாக்டர், கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர், கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்கிறவர் என்று யார் யாரோ அவளைத் தேடி வருவார்கள். கரப்பான் பூச்சியைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, அருவருப்பு என்பதே தனக்கு மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்பார்த்தபடியே அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அத்தானுக்கு ஒரு சைட் பண்ணிக் குடுடி. வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு வெளியில போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"அவரு டைல்ஸ் கம்பெனியிலதானே இருந்தாரு? போன தடவ வந்தப்பகூட பாத்ரூம் டைல்ஸப் பத்தித்தானே பேசிட்டிருந்தாரு?"

"இப்ப போட்டோ. அவருக்குள்ள ஒரு கலைஞர் இருந்திருக்காருடி. நமக்குத்தான் இத்தனை நாளா தெரியல."

அக்கா இதைச் சிரிக்காமல் சொன்னாள். சின்னவள்தான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுக்க வழியில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது, "கீழ்த்தளத்துல ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு, இங்க கொண்டுவந்துடுங்க" என்று சொன்னவர் அத்தான்தான். அப்பா கடைசிவரை அந்த அறையில்தான் இருந்தார். இப்போதும் அம்மா அங்கேதான் இருக்கிறாள். சின்னவள் குடியிருப்பதோ மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துவராது. ஆகவே அத்தான் வீட்டுக்கு அவள் கடன்பட்டவள். அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

சனிக்கிழமை அத்தான் ஒரு ஹார்ட் டிஸ்கோடு வந்தார். மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் அவளுடைய நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த முந்திரிப் பாக்கெட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். தின்றுகொண்டே பேசினார். விரலை நக்கிவிட்டு அதே விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவர் தொட்ட இடத்திலெல்லாம் எண்ணெய்க் கறை வானவில் போல மின்னியது.

"மச்சினிச்சி, இங்க பாரு. நம்ம பேரு 'நிஜத் தருணங்கள்'. மத்தவனெல்லாம் இப்படி நில்லு, அப்படிச் சிரின்னு மனுஷன ஆட்டிவைப்பான். நான் எதையும் தொடமாட்டேன். நடக்கிறத நடக்கிற மாதிரியே எடுப்பேன். இத நல்லா கொட்டை எழுத்துல போடு."

"போட்டுடலாம், அத்தான்."

"அப்புறம் நானே ஒரு வரி எழுதியிருக்கேன். கேளு." கைப்பேசியைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். "'உங்கள் கண்ணீரின் ஈரம் உலராமல் காத்துத் தருகிறோம்.' எப்படி?"

ஈரம் உலராமல் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. "கொஞ்சம் நீளமா இருக்கு. பார்க்கிறேன்" என்றாள்.

"எமோஷன், மச்சினிச்சி. டைல்ஸ்ல எமோஷன் இல்ல. அதான் நான் வெளிய வந்தேன்."

அவர் போனபிறகு திரையை ஈரத் துணியால் துடைத்தாள். கறை பரவியதே தவிரப் போகவில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு மறுபடி துடைத்தாள்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவளுக்குச் சுணக்கம் கிடையாது. 'சிறந்தவை' என்று பெயரிட்ட ஃபோல்டரைத் திறந்தாள். வழக்கமான குப்பைதான் இருக்கும் என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு ஆரம்பித்தவள், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை, ஆனால் மனிதருக்குக் கண் இருந்தது. சித்தப்பா மகன் கல்யாணத்தில் மணமகள் செருப்பைத் தேடிக் குனிந்தபடி சிரிக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை முகமெல்லாம் மாவோடு கேமராவை முறைக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவர், தன் மனைவியின் குடையைப் பிடித்தபடி தான் மட்டும் நனைந்துகொண்டிருக்கிறார். டைல்ஸ் விற்ற ஆளா இதையெல்லாம் எடுத்தார் என்று வியப்பாக இருந்தது.

அவற்றுக்கு நடுவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கை, மணிக்கட்டுவரைதான். வெள்ளை விரிப்பின்மேல் எதையோ நோக்கி நீண்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து விரல்களின் சுருக்கம் ஒவ்வொன்றையும் எழுப்பிக் காட்டியது. விரல்கள் முழுதாக விரியவுமில்லை, மடங்கவுமில்லை. அந்தக் கை யாரைத் தேடுகிறது என்று கேட்கத் தோன்றும்படி இருந்தது.

இதுதான் முகப்புப் படம் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டாள். அதைத் திரையின் முழு அகலத்துக்கும் போட்டாள். இடப்பக்கம் கொஞ்சம் வெட்டினாள், விரல் நுனிகளுக்கு முன்னால் வெறும் வெளிச்சம் மட்டும் மிஞ்சும்படி. அத்தானுடைய கண்ணீர் வரியைத் தூக்கிப்போட்டுவிட்டு அவளே ஒன்று எழுதினாள்: 'சொல்லாமல் போன அன்பையும் படம் பிடிக்கிறோம்.' எழுதியதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். நல்ல வேலை என்று தோன்றியது. வலது ஓரத்தில், 'தேதி பதிவு செய்ய' என்ற ஆரஞ்சு நிறப் பொத்தானை வைத்தாள்.

எந்த சைட் செய்தாலும் கடைசியில் அது கைப்பேசியில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது அவள் வழக்கம். பக்கத்தின் அகலத்தை ஓரத்திலிருந்து பிடித்துச் சுருக்கிக்கொண்டே வந்தாள். எழுத்து மேலே ஏறியது. பொத்தான் தன் இடத்தைவிட்டுக் கீழே இறங்கியது. அது அதுவரை மறைத்திருந்த, அவளும் முதலில் கவனித்திராத கட்டைவிரல் வெளியே வந்தது.

நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது.

கார்க் கதவில் நசுங்கி, ஒட்டாமலே வளர்ந்த நகம். சட்டையில் நூல் இழுக்கிறது என்று அம்மா வாரந்தவறாமல் அரம் போட்டுத் தேய்த்துவிடுவாளே, அந்த நகம். அது அப்பாவின் கை.

சின்னவள் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள். அப்பா போனபோது அவள் பக்கத்தில் இல்லை. வேலை விஷயமாக வேறு ஊரில் இருந்தாள்; வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. "ஒரு கஷ்டமும் இல்லடி. தூங்குற மாதிரியே போயிட்டாரு" என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை மாதமும் ஓட்டியிருக்கிறாள்.

அந்த நேரத்தில் அந்த அறையில் கேமரா இருந்தது என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.

ஹார்ட் டிஸ்கில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. கழித்தவை, தேர்ந்தவை எல்லாம் எடுத்த வரிசையிலேயே அதில் கிடந்தன. திறக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் பார்க்காத அப்பா அதற்குள்தான் இருந்தார். திறந்தாள்.

முதல் படங்களில் அறை அறையாகவே இருந்தது. கட்டிலோரத்துச் சின்ன மேஜையில் மாத்திரை அட்டைகள், பஞ்சு, உறிஞ்சுகுழாய் வைத்த பிளாஸ்டிக் டம்ளர். அம்மா பழைய நைட்டியில், கலைந்த தலையோடு, பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றுகிறாள். அப்பாவின் கண் திறந்திருக்கிறது. தூங்குகிறவர் கண்ணாக அது இல்லை. அடுத்த படத்தில் திரைச்சீலை முழுதாக விலக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்க, அப்பா கண்ணைச் சுருக்குகிறார். அடுத்ததில் அக்காவின் கை அந்தச் சின்ன மேஜையை இழுக்கிறது. அதற்கடுத்ததில் மேஜை இல்லை, டம்ளர் இல்லை, பஞ்சு இல்லை. சுத்தமான வெள்ளை விரிப்பு மட்டும். அதற்கப்புறம் அம்மா மறுபடியும் உதட்டில் ஒற்றுகிறாள். இப்போது பச்சைப் புடவையில். தலை படிய வாரியிருக்கிறது.

பிறகு கை. டம்ளர் இருந்த பக்கமாக நீளும் கை. தூரத்திலிருந்து, கிட்டத்திலிருந்து, இன்னும் கிட்டத்திலிருந்து. அவள் வெட்டி எடுத்துப்போட்ட இடப்பக்க ஓரத்தில் மேஜை நகர்ந்த தடம் தரையில் தெரிந்தது.

அது யாரையும் தேடிய கை இல்லை. தண்ணீருக்கு நீட்டிய கை.

கடைசியில் அக்கா அழுகிறாள். இந்தப் பக்கமிருந்து ஒரு முறை. அந்தப் பக்கமிருந்து, வெளிச்சம் நன்றாக விழும் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தபின், இன்னொரு முறை.

சின்னவள் எழுந்து வாஷ்பேசினில் போய்க் குனிந்து நின்றாள். வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்த தண்ணீர் குழியில் சுழன்று இறங்குவதைப் பார்க்கவும் சகிக்கவில்லை. அத்தானை நினைத்துக் குமட்டியது என்றால் அது பாதிதான். அந்தப் படத்தைப் பார்த்து வரி எழுதி ரசித்த தன்னை நினைத்தால், தன்னையே தூக்கித் தூர எறியலாம் போலிருந்தது.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். "வா வா, முடிஞ்சிடுச்சா? காட்டு, காட்டு" என்று அத்தான் தட்டைத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். முகப்பு திறந்ததும் அவர் முகம் பிரகாசமாகிவிட்டது.

"பார்த்தியா? நான் சொல்லவே இல்ல. இவளே அத எடுத்துப் போட்டிருக்கா! மச்சினிச்சி, உனக்கும் கண்ணு இருக்கு."

"இது அப்பா கை, அத்தான்."

"ஆமா. அதனாலதானே அப்படி வந்திருக்கு."

"தண்ணி கேட்டிருக்காரு. நீங்க டம்ளர எடுத்துட்டீங்க."

அக்கா சட்டென்று குரலை உயர்த்தினாள். "ஏய், வாய்க்கு வந்தத பேசாத. விழுங்கினா புரை ஏறும், உதட்ட மட்டும் நனைங்கன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிருந்தாங்க. எங்கள என்ன கொலைகாரங்கன்னு நெனச்சியா?"

"நனைக்கச் சொன்னாங்க. சரி. மேஜைய எதுக்கு இழுத்த?"

"அது... படத்துல அசிங்கமா தெரியுதுன்னு..." என்று ஆரம்பித்த அக்கா மீதியை விழுங்கிவிட்டாள்.

"அம்மா எதுக்குப் புடவை மாத்தினாங்க?"

மேஜையின் கோடியில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"மாப்பிள்ளைதான் சொன்னாரு. 'அத்தை, நைட்டியோட வேணாம், பிற்காலத்துல பார்க்கும்போது உங்களுக்கே கஷ்டமா இருக்கும்'னு. சரிதானேன்னு போய் மாத்திட்டு வந்தேன். வந்ததும், 'இன்னொரு தடவ நனைங்க'ன்னாரு. நனைச்சேன்." தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். "மாத்திட்டிருந்த நேரம் நான் பக்கத்துல இல்ல. அதான் எனக்கு... வேற ஒண்ணும் இல்ல."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தண்ணீர் ஜக்கை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதையும் தொடமாட்டேன்னு கொட்டை எழுத்துல போடச் சொன்னீங்களே, அத்தான்," என்றாள் சின்னவள். "இதைவிட நீங்க கூப்பிட்டுவச்சு, இப்படிப் படு, அப்படிச் சாவுன்னு சொல்லியிருக்கலாம்."

அத்தான் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நீ உணர்ச்சிவசப்படுற. அன்னிக்கு அந்த ரூம்ல அழாம நின்னவன் நான் ஒருத்தன்தான். நீ வரவே இல்ல. அவரோட கடைசி நேரம் உனக்குப் பார்க்கக் கிடைச்சிருக்குன்னா அது யாரால? அப்புறம், ஒண்ணு கேக்குறேன். இத்தனை படத்துல உன் கண்ணு நேரா எங்க போய் நின்னுச்சு? உன் அப்பான்னு தெரியாதப்ப உனக்கு அழகா இருந்துச்சு. தெரிஞ்சதும் அசிங்கமாயிடுச்சா? படம் அதேதானே?"

பதிலுக்குக் காத்திராமல் தட்டைத் திரும்ப இழுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் எல்லோர் முன்னாலும் அவள் அந்தப் பக்கத்தை, அந்த வரியை, ஆரஞ்சுப் பொத்தானை, செய்த வேலை முழுவதையும் அழித்தாள்.

"அழிச்சுக்கோ. படம் என்கிட்ட இருக்கு," என்றார் அத்தான், வாயில் சோற்றோடு.

வாசல்வரை அம்மா வந்தாள். "என்கூட வந்துடும்மா" என்று சின்னவள் கையைப் பிடித்தாள். அம்மா படியைப் பார்ப்பதுபோலக் கீழே பார்த்தாள். "மூணு மாடி நான் எப்படி ஏறுவேன்? இறங்கவே முடியாதே. இங்க ஒரு குறையும் இல்ல. அவர ரொம்பப் பேசிட்ட நீ. நான் நாளைக்கும் அவர் முகத்துல முழிக்கணும்."

அத்தான் சும்மா இருக்கவில்லை. ஆயத்தமாகக் கிடைக்கிற ஒரு வெப்சைட் டெம்ப்ளேட்டை எடுத்து, படங்களை அதில் தானே திணித்து, அந்த மாதமே சைட்டைத் திறந்துவிட்டார். முகப்பில் அதே கை. மேலே, 'சொல்லாமல் போன அன்பையும் படம் பிடிக்கிறோம்.' அவளுடைய வரியையும் விட்டுவைக்கவில்லை மனிதர்.

பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. திறந்து பார்த்தாள். கீழே முன்பின் தெரியாதவர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். 'கண்ணீர் நிற்கவில்லை.' 'என் அப்பா நினைவு வந்துவிட்டது.' 'தெய்வீகமான படம்.' ஒருவர், தன் தாயார் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் எப்போது வரமுடியும் என்றும் கேட்டிருந்தார். அதற்கு அத்தான், 'உடனே அழையுங்கள்' என்று எழுதி, கும்பிடும் கைகள் இரண்டு போட்டிருந்தார். சின்னவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அந்தத் தாயார் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டிலில் கிடக்கிறாளோ, அவள் பக்கத்து மேஜையை யார் நகர்த்தப்போகிறார்களோ என்று நாள் முழுக்க மனம் அதிலேயே கிடந்து உழன்றது.

அம்மாவைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போவாள். வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருவாள். அங்கே பச்சைத் தண்ணீர்கூட அவள் தொண்டையில் இறங்குவதாக இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். சண்டையே நடக்காததுபோல இருந்தது குரல்.

"ஏன்டி, அத்தான் சைட் திறக்கவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு. ஆளுங்க பாதியிலயே மூடிட்டுப் போயிடுறாங்களாம். நீ கொஞ்சம் என்னன்னு பார்க்கிறியா?"

சின்னவள் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கேமராவிலிருந்து வந்த படத்தை, துளியும் சுருக்காமல், மலை போல அப்படியே முகப்பில் ஏற்றியிருந்தார் அத்தான். அளவைக் குறைத்துத் திரும்ப ஏற்றினால் முடிந்தது வேலை. இதைக்கூடத் தெரியாமல்தான் கடை போட்டிருக்கிறார்.

"முதல் படம்தான் பிரச்சினை, அக்கா. ரொம்ப கனம். அத எடுத்துட்டா சரியாயிடும்."

"வேற வழியே இல்லையா?"

"இல்ல."

தொழில் விஷயத்தில் அவள் யாரிடமும் சொன்ன முதல் பொய் அது. கரப்பான் பூச்சிக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று மாலையே முகப்பு மாறிவிட்டது. கையிருந்த இடத்தில், செருப்பைத் தேடிக் குனிந்தபடி மணமகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கம் பட்டென்று திறந்தது. அக்காவிடமிருந்து ஒரு செய்தியும் வந்திருந்தது: 'இப்ப சூப்பரா இருக்கு. தாங்க்ஸ்டி. அத்தான் உன்னைப் புகழ்ந்து தள்ளுறாரு.'

வெட்கப்பட்டு எடுக்கவில்லை. தப்பு என்று பட்டும் எடுக்கவில்லை. திறக்க நேரமாகிறது என்று எடுத்திருக்கிறார்கள். அந்தக் கேவலத்துக்கும் தன் கைதான் உதவியிருக்கிறது. சின்னவள் அந்தச் செய்திக்குப் பதில் போடவில்லை. ஹார்ட் டிஸ்க் இன்னும் அவள் இழுப்பறையில்தான் கிடந்தது. திருப்பிக் கேட்க அத்தானுக்குத் தோன்றவில்லை. அதை எடுத்து லேப்டாப்பில் செருகினாள். அந்த வரிசையைத் திறந்து, அம்மா பழைய நைட்டியில் கலைந்த தலையோடு அப்பாவின் உதட்டை நனைக்கும் ஒரே ஒரு படத்தை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அப்பாவின் மற்ற படங்களையெல்லாம் அழித்தாள். அவற்றின் நகல்கள் வேறு எங்கெல்லாம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அழித்தாள். பிறகு எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.